பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கு வர: மதுரை வட்டாரப் பள்ளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிப்போருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம், 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு இதே போன்ற திட்டம் வந்தபோது, அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் படிப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகவும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே அந்தப் பலன் பெரிதும் தெரிந்ததாகவும் கண்டார்கள். சைக்கிளின் பயன் பற்றி இனி யாருக்கும் ஐயம் இருக்கத் தேவையில்லை.

ஐயமெல்லாம் சைக்கிள் வந்த பிறகு நடப்பதைப் பற்றியதே. சைக்கிளை அரசு தருகிறது. சாலையை நெடுஞ்சாலைத் துறையோ மாநகராட்சியோ ஊராட்சியோ வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், தாமதமானால் என்ன ஆகும், வண்டியை எங்கே நிறுத்துவது, சிறப்பு வகுப்பு முடிந்து எப்போது வீட்டுக்குக் கிளம்புவது ஆகியவற்றைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. அந்த முடிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதனால் இந்த வழிகாட்டி சுற்றுச்சுவருக்கு உள்ளே தொடங்கி வெளியே போகிறது. சாலை சரியானால்தான் எதுவும் செய்ய முடியும் என்று காத்திருக்கும் பள்ளியில் இரண்டும் நடப்பதில்லை.

முதல் படி: யார், எந்த வழியாக வருகிறார்கள்

சேர்க்கை ஓரளவு முடிந்த ஜூன் இறுதியில், ஒரு பாடவேளையை ஒதுக்கி, வகுப்பாசிரியர் வழியாகக் கணக்கெடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எப்படி வருகிறாய், வீட்டில் சைக்கிள் இருந்தும் அதில் வரவில்லை என்றால் ஏன் என்ற நான்கு கேள்விகள் போதும். நான்காவது கேள்விக்கு வரும் விடைகளே இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை. ‘லாரி பயம்’ என்று எழுதுவோர் இருப்பார்கள். அதே அளவுக்கு ‘பஞ்சர்’, ‘ஸ்டாண்டில் காற்றைப் பிடுங்கி விடுகிறார்கள்’, ‘சாயங்காலம் இருட்டி விடுகிறது’, ‘லேட்டானால் வெளியே நிற்க வேண்டும்’ என்றும் வரும். பின்னால் சொன்ன நான்கும் பள்ளியின் கையில் இருப்பவை.

அடுத்து, பிள்ளைகளையே ஒரு பெரிய சார்ட்டில் வழிகளை வரையச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் இல்லாத வழியெல்லாம் அவர்களுக்குத் தெரியும்: கண்மாய்க்கரை, பெரியாறு கால்வாய்க் கரை, தோப்புக்குள் போகும் வண்டிப்பாதை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் லாரி வராது. ஆனால் சீமைக் கருவேலமுள் உண்டு, ஆள் நடமாட்டம் குறைவு, ஐப்பசி, கார்த்திகையில் சேறு. ஆகவே ஒவ்வொரு வழிக்கும் எந்த மாதத்தில் போகலாம், எந்த மாதத்தில் கூடாது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் வந்து சேரும் இரண்டு மூன்று இடங்கள் தெரியும். ஒத்தக்கடை போல நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பரவிய ஊர்களில், பிள்ளைகள் சாலையைக் குறுக்கே கடக்கும் இடமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்தால் ஆறாம் படியில் உதவும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் விதிகளைத் திருத்துதல்

‘எங்கள் பள்ளியில் சைக்கிளுக்கென்று விதி ஏதும் இல்லை’ என்று தலைமையாசிரியர்கள் சொல்வதுண்டு. எழுதாத விதிகள் ஏராளமாக இருக்கும். அவற்றை முதலில் எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

தாமதம் பற்றிய விதியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோமீட்டர் மிதித்து வரும் பெண்ணின் பின் டயரில் முள் ஏறினால், வழியில் பஞ்சர் கடை திறந்திருந்தாலும், டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டு, தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து ஒட்டு ஒட்டி, காற்றடித்துக் கிளம்ப அரை மணி நேரம் ஆகும். அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் அடுத்த வாரம் அவள் பேருந்துக்கு மாறுவாள், அல்லது நேரத்தைப் பிடிக்க நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வருவாள். தாமதத்துக்கு அஞ்சி மிதிக்கும் பிள்ளைதான் லாரிக்கும் பேருந்துக்கும் இடையே நுழைகிறது என்பது என் கணிப்பு. எனவே சைக்கிளில் வருவோருக்குக் காலை வணக்கக் கூட்டம் முடியும்வரை விலக்கு, வண்டி பழுதானால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வகுப்புக்குச் செல்லும் உரிமை என்று தெளிவாக எழுதுங்கள். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவோர் இரண்டொருவர் இருப்பார்கள். பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

சிறப்பு வகுப்பு இதைவிடப் பெரிய சிக்கல். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைக்காத பள்ளி நம் வட்டாரத்தில் அரிது. அரையாண்டுத் தேர்வை ஒட்டி அது சூடுபிடிக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் ஆறு மணிக்கெல்லாம் பொழுது அடையும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். விளக்கில்லாத சைக்கிள், தெருவிளக்கில்லாத சாலை, மழை, கூடவே கரும்பு ஏற்றிய டிராக்டர்: இந்த நேரத்தில் ஒரு பிள்ளையை அனுப்புவது பாட அட்டவணை போட்டவரின் முடிவு, வேறு யாருடையதும் அல்ல. அக்டோபர் முதல் ஜனவரி வரை சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றலாம். முடியாவிட்டால், சூரியன் மறைவதற்கு முன் கடைசிப் பிள்ளையும் வீடு சேரும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு நிறுத்தலாம். தொலைவான ஊர் ஆறு கிலோமீட்டர் என்றால், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம். எனவே ஐந்தே காலுக்கு மணி அடித்தாக வேண்டும்.

எந்த வகுப்பிலிருந்து சைக்கிளில் தனியாக வரலாம் என்பதை வகுப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் முழுதாக வந்திருக்காது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை பெரியவர் துணை வேண்டும். அதற்கு மேல் வழியே முடிவு செய்யட்டும். ஊர்ச் சாலையில் ஆறாம் வகுப்புப் பையன் தாராளமாக வரலாம்; நான்கு வழிச்சாலையைக் கடக்க வேண்டிய ஒன்பதாம் வகுப்பு மாணவியைத் துணையின்றி அனுப்பக்கூடாது.

‘டபுள்ஸ் வரக்கூடாது’ என்ற விதி காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கப்பட்ட அதே திட்டம், வந்த பிறகு, தம்பியையோ தங்கையையோ சாப்பாட்டு நேரத்துக்குத் தொடக்கப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தன் பள்ளிக்கு வரும் எட்டாம் வகுப்பு அண்ணன்கள் உண்டு. கூலி வேலைக்கு விடியலில் கிளம்பும் வீட்டில் வேறு வழியும் இல்லை. இத்தகைய வீடுகளுக்குத் தடை உதவாது. கேரியரில் மெத்தை, பின்சக்கரத்தின் இரு பக்கமும் வலைத் தடுப்பு, கால் வைக்க இரும்புப் படி இருந்தால் உடன்பிறந்தவர் ஒருவரை ஏற்றி வரலாம் என்று எழுதலாம். கேரியரில் உட்காரும் சிறு பிள்ளையின் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சதை கிழிவது, இந்த வண்டிகளால் ஏற்படும் காயங்களில் மிகக் கொடியது. வலைத் தடுப்பு போட்டால் அது நேராது.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு உரியது. மிதிவண்டிக்கு அது பொருந்தாது. கொடையாளர் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள், போடச் சொல்லி ஊக்குவியுங்கள். தலைக்கவசம் இல்லாதவரை உள்ளே விடமாட்டோம் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த விதியால் வெளியேறுவது ஏழைப் பிள்ளையின் சைக்கிள்தான்.

பதினெட்டு வயது ஆகாதவர் மோட்டார் சைக்கிளில் வருவதை மாறாக, உறுதியாகத் தடுக்க வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, வண்டி ஓட்டிய சிறாரின் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. பள்ளிக்கு வெளியே டீக்கடையில் பைக்கை விட்டுவிட்டு நடந்து வரும் பழக்கத்தையும் இந்த விதிக்குள் கொண்டுவர வேண்டும்.

பை, உடை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020ஆம் ஆண்டின் தேசியப் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. முதுகில் சுமையோடு மிதிப்பவருக்கு நிலை தடுமாறும் என்பதால், பையைக் கேரியரில் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள், ஹேண்டில்பாரில் மாட்ட விடாதீர்கள். துப்பட்டா சீருடையாக உள்ள பள்ளிகள், சைக்கிளில் வரும்போது அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கட்டும்.

மூன்றாம் படி: விதிகளை எழுத்தில் தருதல்

பல தனியார் பள்ளிகளின் கையேட்டில் சைக்கிளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: வரும் வழியில் நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. பெற்றோர் அதைப் படித்ததும் வேனுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

‘மாணவர்கள் சைக்கிளில் வருவதைப் பள்ளி வரவேற்கிறது. பூட்டும் நிழலும் உள்ள நிறுத்துமிடம், சைக்கிளுக்குத் தனி வாசல் அல்லது தனி நேரம், ஆண்டுக்கு இரண்டு முறை வண்டிச் சோதனை ஆகியவற்றைப் பள்ளி அளிக்கும். வண்டியின் பிரேக், பெல், பிரதிபலிப்பான் ஆகியவற்றைச் சரியாக வைத்திருப்பதும், வழியைப் பிள்ளையோடு ஒருமுறை சென்று பார்ப்பதும் பெற்றோரின் பொறுப்பு. வழி மாறினாலோ பயம் ஏற்பட்டாலோ வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டியது மாணவரின் கடமை.’

அரசு, உதவி பெறும் பள்ளிகளில் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். எந்தத் திருப்பத்தில் டிப்பர் லாரி வேகமாக வருகிறது என்று ஆசிரியரைவிட அவர்களுக்குத் தெரியும். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் போதும்.

நான்காம் படி: ஸ்டாண்டும் வாசலும்

பெரும்பாலான பள்ளிகளில் ஸ்டாண்டு என்பது கழிவறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் விடப்பட்ட இடம்தான். சைக்கிள்களை நெருக்கி நிறுத்தும்போது ஒன்றின் ஹேண்டில்பார் அடுத்ததின் பிரேக் கம்பியில் மாட்டும். நான்கே காலுக்கு ஒருவன் இழுத்தால் ஒரு வரிசையே சாயும். சாய்ந்ததில் யாருடைய பெடல் வளைந்தது என்பது மறுநாள் காலைதான் தெரியும். வளைந்த பெடலோடும் தளர்ந்த பிரேக்கோடும் பிள்ளை அன்று மாலை சாலைக்குப் போயிருப்பாள் என்பதால், இதைப் பொருட்சேதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு சைக்கிளுக்கு அகலம் 60 சென்டிமீட்டர், நீளம் 2 மீட்டர் என வையுங்கள். எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் தள்ளிச் செல்ல 1.8 மீட்டர் வழி என்றால், வண்டி ஒன்றுக்குச் சுமார் 1.75 சதுர மீட்டர் ஆகும். 200 சைக்கிளுக்கு 350 சதுர மீட்டர்: மைதானத்தின் ஒரு மூலை. தரையில் பதித்த, தலைகீழ் ‘ப’ வடிவ இரும்புக் குழாய்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வண்டிகளைச் சட்டத்தோடு பூட்டலாம். நிதி இல்லாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வகுப்புவாரியாகப் பிரித்தாலே வண்டிகள் சாய்வது பெருமளவு குறையும். மதுரை வெயிலுக்குக் கூரை அவசியம். பங்குனி, சித்திரையில் நண்பகல் முழுவதும் வெயிலில் நின்ற டியூபில் ஒட்டுப் போட்ட இடம் இளகிப் பிரிந்துவிடும். காற்றுப் பம்பு ஒன்றும், ஸ்பேனர் தொகுப்பு ஒன்றும் உடற்கல்வி அறையில் இருக்கட்டும். காற்றைப் பிடுங்கிவிடும் குறும்பை அடக்க, ஸ்டாண்டு ஒரு வகுப்பின் சன்னலிலிருந்து தெரியும் இடத்தில் இருந்தாலே போதும்.

வாசலில் பள்ளி வேனும், பிள்ளையை விட வரும் அப்பாக்களின் ஸ்கூட்டரும், ஆட்டோவும், சைக்கிளும் ஒரே நேரத்தில் முட்டுகின்றன. பின்வாசல் இருந்தால் அதைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். ஒரே வாசல் என்றால், மாலையில் சைக்கிள்களைப் பத்து நிமிடம் முன்னதாக விட்டு, பிறகு வேன்களை எடுக்கச் சொல்லுங்கள். வேன்கள் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் பின்னோக்கி வரவே கூடாது. பெற்றோரின் வண்டிகளுக்கு வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஓர் இடம் குறித்துவிட்டால், அவர்கள் முதல் மாதம் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவார்கள். இத்தாலியின் போல்சானோ நகரில் 1989இலேயே பள்ளி தொடங்கும், முடியும் வேளைகளில் பள்ளித் தெருவை மோட்டார் வண்டிகளுக்கு மூடினார்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் இருக்கும் பள்ளிகளுக்கு அந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும்; போக்குவரத்துக் காவல் துறையிடம் காலையும் மாலையும் அரை மணி நேரத்துக்கு இரண்டு பேரிகார்டு கேட்டுப் பெற்றால் தொடங்கிவிடலாம்.

ஐந்தாம் படி: வண்டியும் பயிற்சியும்

விலையில்லா மிதிவண்டி கைக்கு வந்த அன்றே வீட்டுக்கு ஓட்டிப் போக விடாதீர்கள். ஊரில் உள்ள சைக்கிள் கடைக்காரரை அழைத்து, நட்டுகளை இறுக்கி, பிரேக் கட்டை ரிம்மில் படுகிறதா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, சீட்டு உயரம் பொருந்துகிறதா என்று பார்த்தபின் ஒப்படையுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் அது வீண் செலவல்ல.

பயிற்சியை மைதானத்தில் வைத்து, கடைசிச் சுற்றை மட்டும் உண்மையான வழியில் நடத்துங்கள். சொல்லித்தர வேண்டியவை சிலவே. நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் நுழையக்கூடாது. அது இடம் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே வரும், ஓட்டுநருக்கு அங்கே பிள்ளை இருப்பதே தெரியாது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நெடுஞ்சாலையின் நடுவே போய்க் காத்திருக்காமல், இடது ஓரத்தில் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். நடுத்தடுப்பின் இடைவெளி தொலைவில் இருக்கிறது என்று எதிர்த்திசையில் வரக்கூடாது. பக்கத்து வண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவது ஊர்ச் சாலையில் அழகுதான். மேலூர் சாலையில் ஒற்றை வரிசைதான். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்குக் கீழே கடப்பவர்கள், தூணுக்குப் பின்னாலிருந்து திடீரென வெளிப்படக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊர்ப் பிள்ளைகளை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக்குங்கள். ஆளில்லாக் கரைப்பாதைக்குத் துணை கிடைக்கும். யாருடைய வண்டியாவது பஞ்சரானால் இன்னொருவர் செய்தி சொல்வார். வழியில் தொல்லை கொடுப்பவர்கள் இருந்தால் பெண் பிள்ளைகள் முதலில் சொல்வது இந்தக் குழுவிடம்தான். அப்படி ஒரு செய்தி வந்தால் சைக்கிளை நிறுத்தச் சொல்வது தீர்வல்ல. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் பள்ளியே தெரிவிக்க வேண்டும்.

ஆறாம் படி: சாலைக்கு உரியவரைத் தேடிப் பிடித்தல்

மனுக்கள் பெரும்பாலும் தவறான அலுவலகத்துக்குப் போவதால்தான் தூங்குகின்றன. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை: 44, 38, 85 ஆகியவை நம் வட்டாரத்தில் ஓடுகின்றன. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை, ஊராட்சி ஒன்றியத்தை அணுகலாம். நகருக்குள் உள்ள தெருக்கள் மாநகராட்சியுடையவை.

கேட்பதையும் சரியாகக் கேட்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் மீதே வேகத்தடை கேட்டால் மறுத்துவிடுவார்கள். அங்கே கேட்க வேண்டியவை வேறு: பள்ளி எச்சரிக்கைப் பலகை, சாலையில் அதிர்வுப் பட்டைகள், மின்னும் மஞ்சள் விளக்கு, சர்வீஸ் ரோட்டின் தொடர்ச்சி, மழைநீர் தேங்காத சுரங்கப்பாதை, காலையும் மாலையும் காவலர். ஊர்ச் சாலையிலும் மாநகராட்சித் தெருவிலும் வேகத்தடை கேட்கலாம். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் தந்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு அது உரியது. ஊர்க்காரர்களே சிமென்டில் எழுப்பும் கூரான மேடு சைக்கிளைத்தான் முதலில் கவிழ்க்கும்.

வேகத்தைப் பற்றி அதிகாரியிடம் பேசும்போது ஒரு கணக்கு உதவும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் பிள்ளையைக் கண்ட கணத்திலிருந்து நிற்கச் சுமார் 28 மீட்டர் எடுக்கும்; 30 கிலோமீட்டரில் ஏறக்குறைய 13 மீட்டர். உங்கள் வாசல் வளைவிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று நாடாவால் அளந்து மனுவில் எழுதுங்கள்.

மனுவோடு முதல் படியில் வரைந்த வரைபடம், கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, காலை எட்டேமுக்காலுக்கு எடுத்த புகைப்படம், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவை இருக்கட்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு முகவரியிட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஊராட்சிச் சாலை என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய இரண்டும் கல்வியாண்டுக்குள் வசதியாக வருகின்றன.

சாரணர், சாலைப் பாதுகாப்புப் படை என்று மாணவர்களுக்கே சீருடை மாட்டி நெடுஞ்சாலையில் வண்டிகளை மறிக்க விடுவது எனக்கு உடன்பாடில்லை. தெருவில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது சரி. மற்ற இடங்களில் அது காவலரின் வேலை.

ஏழாம் படி: விபத்து நேர்ந்தால்

வாசல் அறையில் 108, 112 எண்களும், ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் எண்ணும், ரத்த வகையும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் உங்களுக்கு அருகில் உள்ளது எது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். தூக்கிக்கொண்டு ஓடும் கடைக்காரரைக் காவல் துறை அலைக்கழிக்காதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அதை அக்கம்பக்கத்துக் கடைகளில் சொல்லி வைப்பது நல்லது. சிறு விழுதல்களையும் தேதி, இடத்தோடு குறியுங்கள். ஒரே வளைவில் மூன்று பேர் விழுந்திருந்தால், அடுத்த மனுவுக்கு அந்தப் பக்கத்தின் நகல் போதும்.

எட்டாம் படி: கோப்பு

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஸ்டாண்டு, கூரை, பின்வாசல் ஆகியவற்றை மதிப்பீட்டோடு சேர்த்துவிடுங்கள்; திட்டத்தில் இல்லாத வேலைக்கு நிதி கேட்பது கடினம். ஜூனில் கணக்கெடுப்பு, ஆகஸ்டில் கிராம சபை, செப்டம்பரில் வண்டிச் சோதனை, அக்டோபரில் சிறப்பு வகுப்பு நேர மாற்றம், ஜனவரியில் இரண்டாம் சோதனை என்று ஆண்டு அமைந்தால் போதுமானது. பொது மாறுதல் கலந்தாய்வு வருவதற்கு முன் வரைபடம், தீர்மானங்கள், மனு எண்கள், விழுந்தவர் பதிவேடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி, அதன் நகல் ஒன்றை மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் கொடுத்துவிடுங்கள். தலைமையாசிரியர் மாறிப் போனாலும் குழுத் தலைவர் அதே ஊரில் இருப்பார்.